டாபென்சீயில் தொடங்கி க்ளூபர் வரை: பேஸ்பாலில் டிரேடு சங்கிலி எப்படி உருவாகிறது?

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. கிளீவ்லாந்து அணி 1991இல், வேறோர் அணி வேண்டாமென்று விட்ட எடி டாபென்சீ என்ற இளைஞரை எடுத்துக்கொண்டது. அவரைக் கொடுத்துக் கென்னி லாஃப்டனைப் பெற்றது. லாஃப்டனைக் கொடுத்து டேவிட் ஜஸ்டிஸை, ஜஸ்டிஸைக் கொடுத்து ஜேக் வெஸ்ட்புரூக்கை, வெஸ்ட்புரூக்கைக் கொடுத்துக் கோரி க்ளூபரைப் பெற்றது. அந்த க்ளூபர் 2014இலும் 2017இலும், உச்ச நிலைப் பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருதை வென்றார். ஆக, சும்மா கிடைத்த ஒருவரை வைத்து ஒரு நட்சத்திரத்தையே வாங்கிவிட்டார்கள் என்று கணக்கு முடியும்.

பெயர்களும் வரிசையும் சரிதான். ஆனால் இப்படிச் சுருக்கிச் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் பதிந்துவிடுகின்றன. 1991இலேயே யாரோ ஒருவர் தொலைநோக்கோடு காய் நகர்த்தத் தொடங்கியிருக்கிறார் என்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் எதிரில் இருந்த அணி ஏமாந்துபோயிற்று என்பது மற்றொன்று. ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலத்தில், இத்தொழிலையே முழுநேரமாகச் செய்யும் ஐந்து வெவ்வேறு அணிகளின் நிர்வாகிகள் வரிசையாக ஏமாந்தார்கள் என்று நம்புவது கடினம். உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டுதான் போனார்கள். அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பேஸ்பால் விதிகள் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை; பந்தை எறிபவர் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிப்பவர் கேட்சர் என்ற அளவு தெரிந்தால் போதும்.

கைமாறுவது எது?

டிரேடு என்பது இரண்டு அணிகள் தங்களிடம் உள்ள வீரர்களை அவர்களுடைய ஒப்பந்தங்களோடு மாற்றிக்கொள்வது. பெரும்பாலான வீரர்களிடம் இதற்குச் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமும் மீதமுள்ள காலமும் அப்படியே புதிய அணிக்குப் போய்ச் சேரும். இந்த "மீதமுள்ள காலம்" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பு அவருக்குச் சொந்தமில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் காய் பறித்துக்கொள்ளும் உரிமை மட்டுமே அவருடையது. தோப்பு நல்ல காய்ப்பில் இருக்கிறது, ஆனால் குத்தகையில் ஓராண்டுதான் பாக்கி. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் இளங்கன்றுத் தோப்பு ஒன்றின் குத்தகை இருக்கிறது; அது இன்னும் காய்க்கவில்லை, வண்டு விழுந்தால் காய்க்காமலேயும் போகலாம், ஆனால் காலம் நிறைய இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரருக்கு இந்த ஆண்டே காய் தேவைப்படுகிறது என்றால் இருவரும் குத்தகையை மாற்றிக்கொள்வதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒருவர் இன்றைய விளைச்சலை வாங்குகிறார், மற்றவர் காலத்தை வாங்குகிறார்.

பேஸ்பாலில் இந்தக் குத்தகைக்குத் தெளிவான நீளம் உண்டு. மேஜர் லீக் எனப்படும் உச்ச நிலைப் போட்டிகளில் ஒரு வீரர் மொத்தம் ஆறு ஆண்டு ஆடி முடிக்கும் வரை, அவரை வைத்திருக்கும் அணியை விட்டுத் தாமாகப் போக முடியாது. இதை உரிமைக்காலம் என்று அழைப்போம். பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் லீக் நிர்ணயித்த குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். அடுத்த மூன்று ஆண்டுகளில் நடுவர் முன் வாதாடிச் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஆறும் முடிந்த பிறகு அவர் எந்த அணியோடும் பேரம் பேசிச் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். அப்படி அவர் போய்விட்டால் பழைய அணியின் கையில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. உச்ச நிலைக்கு முந்தைய பயிற்சிக் களமான மைனர் லீகில் கழிக்கும் ஆண்டுகள் இந்த ஆறில் சேராது. ஆகவே மைனர் லீகில் உள்ள இளைஞர் ஒருவரை வாங்கும் அணி, முழு ஆறு ஆண்டுகளையும் அதற்கு முந்தைய காத்திருப்பையும் சேர்த்தே வாங்குகிறது.

இந்த ஆறாண்டு எல்லை எப்போதும் இருந்ததில்லை. 1975 வரை அணிகள் ஒப்பந்தத்தைத் தாமாகவே புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்ற நிலை இருந்தது. வீரர் வாழ்நாள் முழுவதும் ஓர் அணிக்குக் கட்டுப்பட்டவர். ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பிட்சர்கள் தொடுத்த முறையீட்டில், 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதைத் தொடர்ந்து 1976இல் எழுதப்பட்ட உடன்படிக்கையில்தான் ஆறாண்டுக் கணக்கு வந்தது. அதற்கு முன்பும் டிரேடுகள் ஏராளமாக நடந்தன. ஆனால் "வைத்திருந்தால் கைவிட்டுப் போய்விடும்" என்ற நெருக்கடி அவற்றின் பின்னால் இருக்கவில்லை. நாம் பார்க்கப்போகும் சங்கிலியை நகர்த்தியது பெரும்பாலும் அந்த நெருக்கடிதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: டிரேடில் கைமாறுவது ஒரு வீரரின் ஆட்டத்தின் மீது அணிக்கு உள்ள, காலம் குறைந்துகொண்டே போகும் உரிமை. அந்த உரிமை பூஜ்யமாவதற்குள் அதை வேறொரு நீண்ட உரிமையாக மாற்றுவதும், மாற்றியதை மீண்டும் மாற்றுவதும் சேர்ந்தால் அதுவே டிரேடு சங்கிலி.

1991: இரண்டு அணிகளுக்கும் மிகையாக இருந்தவை

சங்கிலியின் தொடக்கம் டிரேடுகூட அல்ல. டாபென்சீ சின்சினாட்டி அணியின் மைனர் லீகில் வளர்ந்தவர். ஓக்லாந்து அவரை எடுத்தது, வைத்துக்கொள்ள இயலாமல் 1991 வசந்தத்தில் விட்டது. ஓர் அணி தன் வீரரைப் பட்டியலிலிருந்து நீக்க முற்படும்போது மற்ற அணிகள் சிறு தொகை செலுத்தி அவரை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு வெய்வர் என்று பெயர். அந்த வழியில் கிளீவ்லாந்து அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு கிளீவ்லாந்து 105 ஆட்டங்களில் தோற்றது. கிடைத்தவரை எல்லாம் எடுத்துப் பார்க்கும் நிலையில் இருந்த அணி அது.

ஆனால் கேட்சர் இடத்துக்கு அவர்களிடம் சாண்டி ஆலமார் ஏற்கெனவே இருந்தார். ஹூஸ்டனின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே கேட்சராக இருந்த கிரெய்க் பிஜியோவை 1992 சீசனில் இரண்டாம் பேஸுக்கு (ஓடுபவர் ரன் எடுக்கத் தொட்டுச் செல்ல வேண்டிய இடங்களில் ஒன்று) காவலாக மாற்ற முடிவு செய்திருந்தார்கள்; ஆகவே ஒரு கேட்சர் தேவைப்பட்டார். நடுவெளியில் பந்தை ஓடிப் பிடிக்கும் சென்டர் ஃபீல்டர் இடத்தில் ஸ்டீவ் ஃபின்லி உறுதியாக நிலைத்திருந்தார்; அதே இடத்துக்கு வளர்ந்துகொண்டிருந்த லாஃப்டன் மிகையானார். அரிசோனா பல்கலைக்கழகத்துக்காகக் கூடைப்பந்து ஆடிப் பெயர் பெற்றிருந்த லாஃப்டன், பேஸ்பாலில் அப்போது பக்குவப்படாதவராகத்தான் தெரிந்தார். 1991இல் ஹூஸ்டனுக்காக 20 ஆட்டங்கள் ஆடியபோது அவருடைய பேட்டிங் சராசரி .203 மட்டுமே; அதாவது, ஏறக்குறைய ஐந்து முறைக்கு ஒரு முறைதான் பந்தை அடித்து பேஸை எட்டினார் (இப்படி எட்டுவதற்கு ஹிட் என்று பெயர்).

1991 டிசம்பர் 10 அன்று லாஃப்டனும் டேவ் ரோடியும் கிளீவ்லாந்துக்கு வந்தார்கள்; டாபென்சீயும் வில்லி பிளேர் என்ற பிட்சரும் ஹூஸ்டனுக்குப் போனார்கள். கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் பிளேரை மறந்துவிடுவது வழக்கம். ஹூஸ்டன் தன் தேவையைச் சரியாகவே கணித்தது. லாஃப்டனின் மதிப்பைத்தான் தவறாகக் கணித்தது. இந்தச் சங்கிலியில் "எதிரணி நன்றாக இழந்தது" என்று தயங்காமல் சொல்லக்கூடிய கண்ணி இது.

லாஃப்டன் 1992 முதல் 1996 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அமெரிக்கன் லீகில் மிகுதியான பேஸ்களைத் திருடியவர். பேஸ் திருடுதல் என்பது பிட்சர் பந்தை எறியும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது. அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு 1995 அக்டோபரில் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தைச் சொல்லலாம். லீக் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். லாஃப்டன் இரண்டாம் பேஸில் நிற்கிறார். ராண்டி ஜான்சன் எறிந்த பந்து கேட்சரைத் தாண்டிச் செல்கிறது. இத்தகைய தருணத்தில் ஓடுபவர் ஒரு பேஸ் முன்னேறினால் அதுவே நல்ல வரவு. லாஃப்டன் மூன்றாம் பேஸில் நிற்காமல் நேரே வந்து ரன் எடுத்துவிட்டார். அந்த வெற்றியோடு, 1954க்குப் பிறகு முதல்முறையாக, சாம்பியன் பட்டத்துக்கான வேர்ல்டு சீரிஸுக்குக் கிளீவ்லாந்து தகுதி பெற்றது.

1997: தோற்கடித்தவர்களையே வாங்கியது

அந்த வேர்ல்டு சீரிஸில் எதிரணி அட்லாண்டா. ஆறாவது ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அந்த ஒற்றை ரன் டேவிட் ஜஸ்டிஸ் அடித்த ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்). கடைசி அவுட், நடுவெளியில் மார்க்விஸ் கிரிஸ்ஸம் பிடித்த கேட்ச். பதினேழு மாதங்கள் கழித்து, 1997 மார்ச் 25 அன்று, இந்த இருவரும் கிளீவ்லாந்தின் வீரர்களானார்கள். பதிலுக்குப் போனவர்கள் லாஃப்டனும் ஆலன் எம்ப்ரீ என்ற பிட்சரும்.

அணியின் முகமாக இருந்த ஒருவரை ஏன் கொடுத்தார்கள்? லாஃப்டனின் ஒப்பந்தம் 1997 சீசனோடு முடிவதாக இருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் ஆல்பர்ட் பெல் ஐந்து ஆண்டுகளுக்கு 5.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போயிருந்தார். கிளீவ்லாந்துக்கு அவருக்கு ஈடாக ஒரு வீரரும் கிடைக்கவில்லை. அதே இழப்பு மீண்டும் நேரக்கூடாது என்ற அச்சம் பொதுமேலாளர் ஜான் ஹார்ட்டுக்கு இருந்தது. அட்லாண்டாவுக்கோ கிரெக் மேடக்ஸ், டாம் கிளாவின் ஆகிய பிட்சர்களைத் தக்கவைக்கச் சம்பளக் கணக்கில் இடம் வேண்டியிருந்தது. ஓராண்டு பாக்கியுள்ள குத்தகையைக் கொடுத்து, நீண்ட குத்தகையைப் பெற்றது கிளீவ்லாந்து.

ஜஸ்டிஸ் அந்த ஆண்டு .329 சராசரியோடு 33 ஹோம் ரன்கள் அடித்தார். கிளீவ்லாந்து மீண்டும் வேர்ல்டு சீரிஸுக்குப் போய், ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. இதனிடையே அட்லாண்டாவில் ஓராண்டை முடித்த லாஃப்டன், ஃப்ரீ ஏஜென்டாகி, 1997 டிசம்பரில் கிளீவ்லாந்துக்கே திரும்பிவந்து கையெழுத்திட்டார். இது சங்கிலியில் சேராது. பழைய உரிமையை மாற்றிக்கொண்டது ஒரு கணக்கு; சந்தையில் புதிய உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது வேறு கணக்கு.

2000: பெயர் குறிப்பிடப்படாத இருவர்

2000 ஜூன் 29 அன்று ஜஸ்டிஸ் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். உடனடியாகக் கிளீவ்லாந்துக்கு வந்தவர் ரிக்கி லடே மட்டும். அவரோடு "பின்னர் பெயரிடப்படும் வீரர்கள்" இருவர் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. இது ஏதோ ரகசிய ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். வாங்கும் அணி சில வாரங்கள் ஆராய்ந்து, ஒத்துக்கொண்ட சிறு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதி, அவ்வளவே. ஜூலை மாதம் அந்த இருவரும் யாரென்று தெரிந்தது: ஜேக் வெஸ்ட்புரூக், ஜாக் டே. இருவரும் இளம் பிட்சர்கள்.

யாங்கீஸ் ஏமாந்ததா என்றால், இல்லவே இல்லை. ஜஸ்டிஸ் அவர்களுக்காக எஞ்சிய சீசனில் 20 ஹோம் ரன்கள் அடித்தார். லீக் இறுதிச் சுற்றின் சிறந்த வீரராகத் தேர்வானார். அவர்கள் வேர்ல்டு சீரிஸை வென்றார்கள். கிளீவ்லாந்து அந்த ஆண்டு ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் அடுத்த சுற்றுக்குத் தகுதி இழந்தது. 2000 அக்டோபரில் யாரைக் கேட்டிருந்தாலும் இந்த டிரேடில் வென்றது நியூயார்க்தான் என்றிருப்பார்கள். அப்போதைக்கு அது சரியான விடையும்கூட.

மூன்று டிரேடுகளைப் பார்த்தாயிற்று. ஒன்றில் எதிரணி தெளிவாக இழந்தது. மற்ற இரண்டில் இரு தரப்பும் தாங்கள் தேடியதைப் பெற்றார்கள். எந்த இடத்திலும் க்ளூபரின் பெயர் யார் மனத்திலும் இருந்திருக்க வழியில்லை. 2000இல் அவர் பதினான்கு வயதுச் சிறுவர்.

2010: இரண்டு மாதத்துக்கு ஈடாக ஆறு ஆண்டு

வெஸ்ட்புரூக் கிளீவ்லாந்தில் ஏறக்குறையப் பத்தாண்டுகள் இருந்தார். 2004இல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2007இல் மூன்று ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலர் என்ற ஒப்பந்த நீட்டிப்புப் பெற்றார். 2008இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை; 2009 சீசன் முழுவதும் ஆடவில்லை. 2010இல் திரும்பிவந்தபோது அணி தோல்விப் பாதையில் இருந்தது. அவருடைய ஒப்பந்தத்திலோ அந்த ஆண்டின் மிச்சம் மட்டுமே பாக்கி.

ஜூலை 31 டிரேடுகளுக்கான காலக்கெடு. அன்று நடந்தது மூன்று அணிகள் கலந்த மாற்றம்: வெஸ்ட்புரூக் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு, அவர்களுடைய மட்டையாளர் ரையன் லட்விக் சான் டியேகோ பாட்ரெஸுக்கு, பாட்ரெஸின் மைனர் லீக் பிட்சர் கோரி க்ளூபர் கிளீவ்லாந்துக்கு. மூன்று அணிகள் எதற்கு என்ற கேள்வி எழும். கார்டினல்ஸுக்கு உடனே ஆடக்கூடிய பிட்சர் வேண்டும். அந்த ஆண்டு தங்கள் பிரிவில் முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்த பாட்ரெஸுக்கு மட்டையாளர் வேண்டும். கிளீவ்லாந்துக்கு எதிர்காலம் வேண்டும். இவர்களில் எந்த இரண்டு அணிகளின் தேவையும் நேருக்கு நேர் பொருந்தவில்லை, மூவரையும் ஒரு வளையமாக நிறுத்தினால் பொருந்திற்று.

இரண்டே மாதம் பாக்கியிருந்த உரிமைக்கு ஈடாக, இன்னும் தொடங்காத ஆறு ஆண்டுகள் கிடைத்தன என்று பார்த்தால் கொள்ளை லாபம் போலத் தெரியும். ஆனால் மைனர் லீகில் இப்படிக் கைமாறும் பிட்சர்களில் பெரும்பாலோர் மேஜர் லீகில் நிலைப்பதே இல்லை. ஆறு ஆண்டுகள் என்பது வெறும் காலம். அதில் என்ன விளையும் என்பது எழுதப்படாதது. க்ளூபர் அப்போது அதிகம் பேசப்பட்டவரும் அல்லர்.

நட்சத்திரம் வந்தது எப்போது?

டிரேடு சங்கிலியைப் பற்றிப் பேசுபவர்கள் மிக அதிகமாகக் கோட்டைவிடும் இடம் இது என்பது என் எண்ணம். "வெஸ்ட்புரூக்கைக் கொடுத்து ஒரு சை யங் வெற்றியாளரை வாங்கினார்கள்" என்கிறார்கள். அப்படி ஒருவர் 2010 ஜூலையில் உலகத்தில் எங்கும் இல்லை. இருந்தவர் இரண்டாம் தட்டு மைனர் லீகில் எறிந்துகொண்டிருந்த 24 வயது இளைஞர்.

பிட்சரை அளக்க ஈ.ஆர்.ஏ. என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன்கள் விட்டுக்கொடுக்கிறார் என்பதன் கணக்கு அது. குறைந்தால் நல்லது, நான்கு என்பது சாதாரணம். 2012இல் க்ளூபர் கிளீவ்லாந்துக்காகப் பன்னிரண்டு ஆட்டங்களைத் தொடங்கியபோது அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.14. அந்த ஆண்டோடு யாரும் அவரை நினைவில் வைத்திருக்காமல் போயிருக்கலாம்.

அவரை மாற்றியது பந்தை விரல்களால் பிடிக்கும் விதத்தில் ஒரு சிறிய மாற்றம். கொலம்பஸ் நகரில் உள்ள மைனர் லீக் அணியில் பிட்சிங் பயிற்சியாளர் ரூபன் நீப்லாவோடு வேலை செய்தபோது, நேராகச் செல்லும் வழக்கமான வேகப்பந்தைக் குறைத்துக்கொண்டு, பந்தின் இரண்டு தையல்களையொட்டி விரல்களை வைத்து எறியும் டூ-சீம் பந்தைத் தன் முக்கிய ஆயுதமாக்கிக்கொண்டார். இது கடைசி நேரத்தில் ஒரு பக்கம் விலகிச் செல்லும். ஏற்கெனவே அவர் கையில் இருந்த சுழல்பந்து எதிர்ப்பக்கம் வளையும். இரண்டும் கையை விட்டுப் புறப்படும்போது ஒன்றுபோலத் தோன்றி, மட்டையாளருக்கு அருகில் வந்தபின் பிரிவதால், எந்தப் பக்கம் மட்டையைக் கொண்டுபோவது என்று தீர்மானிக்க நேரமிருக்காது.

2014இல் 18 வெற்றி, 9 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.44, 269 ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமலேயே அவுட்டாவது). 2015 மே 13 அன்று எட்டே இன்னிங்ஸில் 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்தார். எதிரில் ஆடிய அணி, வெஸ்ட்புரூக்கை வாங்கிய அதே கார்டினல்ஸ். 2016 வேர்ல்டு சீரிஸில் முதல், நான்காம், ஏழாம் ஆட்டங்களை அவரே தொடங்கினார். 2017இல் 18 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.25, இரண்டாவது சை யங் விருது.

டிரேடு ஓர் அணிக்குக் கொடுப்பது வாய்ப்பும் காலமும் மட்டுமே. க்ளூபர் என்ற நட்சத்திரம் 2010 ஜூலைக்கும் 2014க்கும் நடுவில், கொலம்பஸிலும் கிளீவ்லாந்திலும் உருவானவர். பாட்ரெஸிடமே இருந்திருந்தால் இதே ஆட்டம் வந்திருக்குமா என்பதற்கு எந்தக் கணக்கிலும் விடை இல்லை.

கணக்கில் வரும் குழப்பங்கள்

இனி, இத்தகைய சங்கிலிகளை மதிப்பிடும்போது வழக்கமாக நேரும் பிழைகளைப் பார்க்கலாம். சங்கிலியின் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் ஒப்பிடுவது முதல் பிழை. குத்தகைக்காரர் மாற்றிக்கொள்வதற்கு முன்பு பறித்து விற்ற காய்களுக்கும் மதிப்பு உண்டல்லவா? லாஃப்டனின் ஐந்து ஆண்டுகள், ஜஸ்டிஸின் மூன்றரை ஆண்டுகள், வெஸ்ட்புரூக்கின் பத்தாண்டுகள் ஆகியவை வழியில் கடந்துபோன படிகள் அல்ல. அணிக்குக் கிடைத்த வரவின் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. செலவுப் பக்கத்தில் பிளேரையும் எம்ப்ரீயையும், வழிநெடுகக் கொடுத்த சம்பளங்களையும் எழுத வேண்டும். வெஸ்ட்புரூக்குக்குக் கொடுத்த 3.3 கோடி டாலரில் ஒரு முழு ஆண்டின் பங்கு, அவர் ஒரு பந்துகூட எறியாத 2009க்குப் போயிற்று.

ஆளுக்கு ஆள் ஈடு என்று நினைப்பது அடுத்தது. 2001 சீசனில் கிளீவ்லாந்தின் வீரர் பட்டியலைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: கேட்சர் டாபென்சீ, சென்டர் ஃபீல்டர் லாஃப்டன், இளம் பிட்சர் வெஸ்ட்புரூக் மூவரும் ஒரே அணியில். டாபென்சீயைச் சின்சினாட்டியிடமிருந்து புதிதாக ஒரு டிரேடில் வாங்கியிருந்தார்கள். லாஃப்டன் ஃப்ரீ ஏஜென்டாகத் திரும்பியவர். ஒருவரைக் கொடுத்துத்தான் மற்றவரைப் பெற்றோம் என்று சொல்லப்படும் மூவர் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தார்கள். 1991, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் கைமாறியவை குறிப்பிட்ட காலத்துக்கான உரிமைகள் என்பதை நினைவில் வைத்தால் இதில் முரண் ஏதும் இல்லை.

மேலும், இதைச் சங்கிலி என்பதைவிட மரம் என்பதே பொருத்தம். அமெரிக்காவிலும் டிரேடு மரம் என்றுதான் வரைகிறார்கள். ஒவ்வொரு டிரேடிலும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வருவதால் கிளைகள் பிரியும். ஜஸ்டிஸுக்காக வந்த மூவரில் லடே ஒரே மாதத்தில் டேவிட் செகுவிக்காக டெக்சஸுக்குப் போனார். செகுவி அந்த சீசன் முடிந்ததும் வெளியேறியதால் அக்கிளை அங்கேயே பட்டுப்போயிற்று. ஜாக் டேயின் கிளையோ வெகுதூரம் ஓடிற்று: 2001இல் மில்டன் பிராட்லி, அவருக்காக 2004இல் ஃபிராங்ளின் குட்டியரஸ், அவருக்காக 2008 டிசம்பரில் ஜோ ஸ்மித் என்று நீண்டு, 2013 முடிவில் ஸ்மித் ஃப்ரீ ஏஜென்டாகப் போனபோது முடிந்தது. அது யாரும் கதையாகச் சொல்லாத கிளை. சை யங் விருது வாங்கியவர் எவரும் அதில் இல்லை. அது ஒன்றுதான் காரணம்.

கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தோன்றினாலும் முக்கியமானது. நட்சத்திரத்தில் முடிந்த மரங்களைத்தான் ரசிகர்கள் பின்னோக்கி வரைகிறார்கள். முடியாதவற்றை யாரும் வரைவதில்லை. இதே கிளீவ்லாந்து 2008 ஜூலையில் சி.சி. சபாத்தியாவை மில்வாக்கிக்குக் கொடுத்தபோது, முதன்மையாக எதிர்பார்க்கப்பட்டவர் மேட் லாபோர்ட்டா. அவர் நிலைக்கவில்லை. பின்னர் பெயரிடப்படும் வீரராக வந்த மைக்கேல் பிராண்ட்லி பல ஆண்டுகள் அணியைத் தாங்கினார். 2018 முடிவில் ஃப்ரீ ஏஜென்டாகி ஹூஸ்டனுக்குப் போனார். அந்த மரத்தை நடத்தியவர்களும் ஏறக்குறைய அதே நிர்வாகிகள், பயன்படுத்திய முறையும் அதேதான். 1991 முதல் 2010 வரையிலான ஒவ்வொரு டிரேடும் அந்தந்த நாளின் தேவைக்காகச் செய்யப்பட்டது என்பதையும், ஒரு கிளையில் கனி காய்த்ததற்கு நற்பேறும் காரணம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

க்ளூபருக்குப் பின்

சங்கிலி க்ளூபரோடு நின்றுவிடவில்லை. 2019 மே மாதம் மட்டையிலிருந்து பாய்ந்துவந்த பந்து ஒன்று அவருடைய வலது முன்கை எலும்பை முறித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், 33 வயதை முடித்திருந்த அவரை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்து, டெலினோ டிஷீல்ட்ஸையும் இமானுவேல் க்ளாஸே என்ற 21 வயது பிட்சரையும் கிளீவ்லாந்து பெற்றது. ரேஞ்சர்ஸுக்காக க்ளூபர் எறிந்தது ஒரே ஒரு இன்னிங்ஸ். தோள் காயத்தால் 2020 சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு யாங்கீஸ் சட்டையில், அதே ரேஞ்சர்ஸுக்கு எதிராக, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார்.

க்ளாஸேயின் தொடக்கமும் நல்லதாக இல்லை. தடை செய்யப்பட்ட மருந்துக்காக 2020இல் 80 ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டு அந்த சீசனை முழுவதும் இழந்தார். அதன்பிறகு, முன்னிலையைக் கடைசி இன்னிங்ஸில் காத்துக்கொடுக்கும் பிட்சராக 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். 2024இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 0.61. 2022இல் எழுதிய ஒப்பந்தம் 2026 வரைக்கும், அணி விரும்பினால் 2028 வரைக்கும் அவரைக் கிளீவ்லாந்தோடு கட்டியிருந்தது. காலம் நிறைய இருந்தது, மதிப்பும் உச்சத்தில் இருந்தது. 1991இல் தொடங்கிய மரத்தில் அடுத்த டிரேடுக்கு அதைவிட நல்ல நிலை அமைந்திருக்க முடியாது.

2025 ஜூலையில் சூதாட்டப் பந்தய விசாரணை ஒன்றின் தொடர்பாக லீக் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது; நவம்பரில் நியூயார்க்கில் அவர்மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் எழுதியிருந்தாலும், ஆட இயலாத வீரருக்கான உரிமையை எந்த அணியும் மாற்றிக்கொள்ள வராது.